வாங்கினவரே பேச வேண்டும்

பொருளை விற்கிறவரிடம் ஜனங்கள் ஒருதடவைதான் பேசுவார்கள். வாரண்டிக்குப் பதில் சொல்கிறவளிடம் அந்தப் பொருளுக்கு உயிர் போகிறவரைக்கும் பேசுவார்கள்.

நான் அந்தப் பதில் சொல்கிறவள். பிளஸ் டூ முடித்த கையோடு, சிவகாசியில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்கிற ஒரு கடையில் போன் மேசைக்கு வந்து சேர்ந்தேன். எங்க அம்மா நர்ஸ். "ஒரு வருசம் வேலைக்குப் போயி அந்த வாயைக் கொஞ்சம் தேச்சுட்டு வா, பெறகு காலேஜ்" என்று தள்ளிவிட்டாள்.

என் வாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குரலை ஒருதடவை கேட்டால் போதும், எனக்கு வந்துவிடும். பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் அரைநாள் லீவு விட்டவள் நான். கடையில் சேர்ந்த மூன்றாம் நாள், முதலாளி அண்ணாச்சியின் குரலில் மெக்கானிக் முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டு, "ஏலே முருகேசா, வார வழியில ரெண்டு வாழைத்தார் தூக்கிட்டு வாலே" என்றேன். மனுஷன் டிவிஎஸ்ஸில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார். அண்ணாச்சி தாரைப் பார்க்கிறார், முருகேசன் அண்ணன் அண்ணாச்சியைப் பார்க்கிறார், நான் ரிஜிஸ்டரைப் பார்க்கிறேன்.

எவனோ செய்த பொருளுக்கு எவனோ போட்ட விதியை வாசித்து, எவரிடமோ திட்டு வாங்குகிற என் இனத்து மக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

பன்னிரண்டு நம்பர், ஒரே ஆள்

வாரண்டி முடியப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்ல வேண்டும். ஒருநாள் முற்பகலில் பன்னிரண்டு பேர் லிஸ்ட்டை எடுத்து ஆரம்பித்தேன். முதல் நம்பர் முத்துலட்சுமி, மிக்ஸி. வயதான ஆண் குரல் ஒன்று எடுத்தது. "உள்ள இருக்காக." வைத்துவிட்டது. இரண்டாவது சண்முகராஜ், கிரைண்டர். அதே குரல். "உள்ள இருக்காக." மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. வேறு வேறு பேர், வேறு வேறு தெரு; அதே குரல், அதே இரண்டு வார்த்தை. பின்னால் வேறு போன்கள் அடிப்பது மட்டும் கேட்டது, மூடிய அண்டாவுக்குள் இருந்து அடிக்கிற மாதிரி. ஏழாவது நம்பரில் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அந்தக் குரலையே எடுத்துக்கொண்டு, "உள்ளன்னா எங்கன?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் தட் என்று ஏதோ விழுந்தது. லைன் போய்விட்டது.

முருகேசன் அண்ணன்தான் விளக்கினார். பட்டாசு ஆபீசுக்குள் (இங்கே தொழிற்சாலைக்குப் பேரே ஆபீஸ்தான்) செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேனில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்டில் ஒரு தகரப் பெட்டியில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் லிஸ்ட்டில் அந்தப் பன்னிரண்டு பேரும் அச்சங்குளம் பக்கத்தில் ஒரே ஆபீஸ், ஒரே வேன், ஒரே பெட்டி. பெட்டிக்குக் காவல் ஒரு வாட்ச்மேன். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, என் சொந்தக் குரலில் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "நேத்து ஏங் குரலே எனக்குப் போன் போட்டுச்சும்மா. பெட்டிக்குள்ள எவன் இருக்கான்னு அம்புட்டுப் போனையும் கீழ கொட்டித் தேடிட்டேன்."

எந்த நம்பர்ல வருது?

சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர். வாரண்டி கார்டின் பின்பக்கத்தை வாசிக்கிற ஒரே ஜாதி டீச்சர்கள்தான். அதுவும் சிவப்புப் பேனாவோடு. ரிமோட் ஃபேன் வாங்கியிருந்தார். "மூணாம் நம்பர்ல, ஃபேன் சுத்தாம நின்னா சரிசெய்து தருவோம்னு போட்டிருக்கீங்க. சரி. நிறுத்தின பிறகும் சுத்தினா, அது எந்த நம்பர்ல வருது?" என்று கேட்டார். மத்தியானம் சரியாக இரண்டரைக்கு, ரிமோட் மேசை மேல் கிடக்க, ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்குமாம். மூன்றரைக்குத் தானாக நிற்குமாம். கார்டை முழுக்க வாசித்தேன். நிற்கிற ஃபேனுக்கு ஒன்பது விதி இருக்கிறது. சுற்றுகிற ஃபேனுக்கு ஒன்றுகூட இல்லை.

முருகேசன் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விஷயம் சுலபம். சுவரை ஒட்டின பக்கத்து வீட்டிலும் நம் கடை ஃபேன்தான், அதே மாடல். இரண்டு ஃபேனுக்கும் ஒரே ரிமோட் வேலை செய்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் மத்தியானம் படுக்கிறபோது அமுக்கினால், இந்த வீட்டு ஃபேனும் சுற்றும். நான் கைதட்டப் போனேன். "இரு பிள்ள" என்றார். அந்த வீடு பூட்டி ஆறு மாசம் ஆகிறதாம். பெரியவர் தவறிப் போனதும் பிள்ளைகள் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார்களாம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாராம், கட்டிலும் தலையணையும், தலையணை மேல் ரிமோட்டும் இருந்ததாம். "அப்ப யாருண்ணே அமுக்குறது?" என்றேன். ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஃபேன் நல்லாருக்கான்னு பாக்கத்தான் என்னைய அனுப்புனீக. ரிமோட்டை யாரு அமுக்குறாகன்னு பாக்குறது வாரண்டியில வராது."

ஐந்து பேர்

கிரைண்டர் கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே ரேவதி என்று ஒருவர். வாரண்டியில் எது மாற்ற வேண்டுமானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு விதி வைத்திருந்தார்கள்: வாங்கினவரே போனில் பேசி, பேரும் பொருளும் பழுதும் சொல்ல வேண்டும். கம்பெனி நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து. அந்த நேரத்தில் நம் ஜனங்களின் போன் எங்கே இருக்கும்? தகரப் பெட்டிக்குள். "உள்ள இருக்காக" என்பதைக் கேட்டுக் கேட்டு ரேவதி ஒவ்வொரு விண்ணப்பமாகத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரமும் குஷியும் சேர்ந்து வந்தது. கடைக்கு வருகிற போன் எல்லாம் ரெக்கார்டு ஆகும். ஒவ்வொருத்தரும் முன்பு கூப்பிட்டுத் திட்டினது அப்படியே இருக்கிறது. கேட்டேன், பிடித்தேன், பேசினேன். கடை போனிலிருந்து, "வாங்கினவரு இங்கதான் இருக்காரு, குடுக்கேன் மேடம்" என்று என் குரலில் சொல்லிவிட்டு, இரண்டு விநாடி கழித்து, கரகரவென்று பட்டாசு மருந்துத் தூள் ஏறின தொண்டையோடு, "சண்முகராஜ் பேசுறேன்" என்பேன். கிரைண்டர் கெட்டது நிஜம். சண்முகராஜ் நிஜம். குரல் ஒன்றுதான் இரவல். ஒரே வாரத்தில் மூன்று ஆண், இரண்டு பெண். எல்லாம் பாஸ். ஐந்தாவது ஆளுக்கு ஓகே சொல்லிவிட்டு ரேவதி மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்கூர்ல குரல் எல்லாருக்கும் வேற வேறயா இருக்குதுங்க, ஆனா மூச்சு விடற சத்தம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணாவே இருக்குதுங்களே."

அடுத்த வருஷத்து ஆள்

பங்குனியில் பாண்டீஸ்வரி அக்கா கூப்பிட்டார். திருத்தங்கல் ரோட்டில் வீடு. சாயங்காலம் பட்டாசு ஆபீஸ் வேன்கள் அவர் வாசலில் நிற்கும். இறங்குகிற பெண்கள் தூக்குவாளியில் இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதுதான் பிழைப்பு. கிரைண்டர் மோட்டார் புகைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "இன்னும் நாலு நாளு மாவு இல்லைன்னா வேன்காரப் பொம்பளைக வேற வாசலுக்குப் பழகிருவாக தாயி. பழகிட்டா திரும்ப மாட்டாக" என்றார். கிரைண்டர் வீட்டுக்காரர் மாரிமுத்து பேரில் இருக்கிறது என்று சொல்லி, பில்லையும் கார்டையும் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? குரல் என்னிடமே இருக்கிறதே.

பில்லில் போன வருஷம் ஆடி மாசத் தேதி. கார்டிலும் அதே நாள், அதே மாசம். ஆனால் வருஷம் ஒன்று கூட. அச்சடித்த மாதிரி அழகான கையெழுத்தில், மாரிமுத்து தன் கையாலேயே அடுத்த வருஷத்தைப் போட்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணை மூடிக்கொண்டு அதையே கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பியிருக்கிறேன். முருகேசன் அண்ணன் சிரித்தார். "மாரிமுத்து காலண்டர் பிரஸ்ஸு ஆளு பிள்ள. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் வந்துரணும்ல? நம்மளுக்குத் தையிலயோ சித்திரையிலயோதான் வருசம் பொறக்கும், அவுகளுக்கு ஆனியிலயே பொறந்துரும். ஒருத்தரு பிள்ள காதுகுத்துப் பத்திரிகையிலயே அடுத்த வருசத்தப் போட்டுட்டாரு." நான் ரேவதியைக் கூப்பிட்டேன். பில்லும் கார்டும் ஒத்துப்போகாவிட்டால், வாங்கினவரே காரணம் சொல்ல வேண்டுமாம். தேதித் தகராறு என்பதால் அவருடைய பதிவான நம்பரையும் லைனில் சேர்ப்பார்களாம். அதுவரைக்கும் கார்டுத் தேதிதான் கணக்கு. சொல்லும்போது ரேவதிக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும்: "எங்க சிஸ்டம்படி அவரு இன்னும் கிரைண்டரே வாங்கலீங்க. வாங்கறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்குதுங்க."

சாப்பிட்டீகளா?

மாரிமுத்து போன கார்த்திகையில் ஒருதடவை கடைக்குப் போன் போட்டிருந்தார். ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். "வாங்கினவருக்கு மட்டும் வாரண்டின்னு போட்டிருக்கே, அரைக்கிறது எங்க வீட்டுக்காரி. அவ அரைச்சாச் செல்லாதா?" என்று கேட்டிருந்தார். சிரிப்பு வருகிற கேள்வி, ஆனால் மனுஷன் கவலையோடுதான் கேட்டிருந்தார். பிடிக்க லட்டு மாதிரியான குரல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு "ப்ச்", காலண்டர் தாளைப் புரட்ட விரலில் எச்சில் தொடுகிற மாதிரி. பிறகு ஒரு "அதாவது". பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். காரணத்தை இரண்டு வரியில் எழுதியும் வைத்துக்கொண்டேன்: காலண்டர் பிரஸ், கைப்பழக்கம், தப்பு என்னுடையது. பதிவான நம்பர் அக்கா கையில் இருக்கிற போன்தான்; அவரையும் இதே குரலில் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத வெயில். ரேவதி லைனில் வந்தார். "குடுக்கேன் மேடம்" என்றேன். இரண்டு விநாடி. "ப்ச். அதாவது மேடம், மாரிமுத்து பேசுறேன்." அப்போது ரேவதி பதிவான நம்பரைச் சேர்த்தார். மணி அடித்தது. பாண்டீஸ்வரி அக்கா எடுத்து "ஹலோ" என்றார். நான் விடாமல், "ப்ச். அதாவது, நாந்தான்" என்றேன்.

அக்கா, "எங்கன இருக்கீக?" என்று கேட்டார்.

"கடையில."

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. பெண்டாட்டியே ஏமாந்துவிட்டாள், ரேவதியெல்லாம் எம்மாத்திரம்! எழுதி வைத்த காகிதத்தை எடுத்தேன். அப்போதுதான் அந்த அக்கா சொன்னார். அழவில்லை. தினமும் லேட்டாக வருகிற புருஷனைக் கேட்கிற அதே தோரணை: "தையில போனவுகளுக்கு, பங்குனியிலதான் ஒரு போன் போடணும்னு தோணுச்சாக்கும்?"

விளக்கம்

நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைத்தது மட்டுமல்ல, ஒயரையும் பிடுங்கிவிட்டேன். அந்த இரண்டு வரிக் காகிதம் கையில் கசங்கிக் கிடந்தது. முருகேசன் அண்ணன் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். தை மாசம், பிரஸ்ஸில் தாள் கட்டு தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தானாம், எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது எனக்கு எந்தக் குரலில் பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பொம்பளைக்குச் செத்த புருஷனைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். காரணமும் சொல்லவில்லை. அவருக்கு மோட்டாரும் வரப்போவதில்லை. வேன்காரப் பெண்கள் வேறு வாசலுக்குப் பழகப்போகிறார்கள். எல்லாம் என் வாயால்.

மறுநாள் காலை பத்தரைக்கு ரேவதியே கூப்பிட்டார். "மாரிமுத்து சார் கிரைண்டர் பாஸ் ஆயிருச்சுங்க. புது மோட்டார் போட்டுக் கொடுத்துருங்க." எனக்குப் புரியவில்லை. "தேதிக்குக் காரணம் சொல்லவேயில்லையே மேடம்?" என்றேன். "ஏனுங்க, அதத்தான் அவ்வளவு விளக்கமாச் சொன்னாருங்களே. உங்க கடை லைன் கட்டாயிருச்சு. சாரும் அவரு வீட்டம்மாவும் லைன்லயே இருந்தாங்க." என்ன சொன்னார் என்று கேட்டேன். ரேவதி எழுதி வைத்திருந்ததை வாசித்தார். ஆடி வந்தாலே எங்களுக்கு அடுத்த வருசம்தான் மேடம். கைப்பழக்கத்துல போட்டுட்டேன். அந்தத் தேதியில நான் இருக்க மாட்டேன். அதக் கிழிச்சுப் போட்டுட்டு, பில்லுல இருக்கிற தேதிய வச்சுக்கோங்க. அரைக்கிறது எங்க வீட்டுக்காரி.

என் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். கிழிக்கிற வரி அதில் இல்லை. நான் இருக்க மாட்டேன் என்கிற வரியும் இல்லை. ரேவதி போனை வைக்கவில்லை. "ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். "உங்கூர்ல எல்லாருக்கும் மூச்சு ஒண்ணாக் கேக்குதுன்னு அன்னிக்குச் சொன்னேன்ல? இந்த சார் அஞ்சு நிமிசம் பேசுனாருங்க. மூச்சுச் சத்தமே கேக்கலீங்க."

தூக்குவாளி

மோட்டார் மாட்டின அன்று சாயங்காலமே பாண்டீஸ்வரி அக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி நிறைய மாவு. புது மோட்டாரின் முதல் மாவு. "எனக்காகப் போன் போட்ட பிள்ள யாரு?" என்றார். அண்ணாச்சி என்னைக் காட்டினார். அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது என்று எழுந்து நின்றேன். முதலில் பேசினது நான்தான் என்று, என் சொந்தக் குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அது கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது. "தெரியும்" என்றார். "அவுககிட்ட சாப்பிட்டீகளான்னு கேட்டா, சாப்பிட்டேன்னு சொன்னதே கெடையாது. என்ன கொழம்புன்னு திருப்பிக் கேப்பாக. நீ போனை வச்ச பெறகு கேட்டாக."

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதானே. "அக்கா, எப்பவாவது அண்ணன் குரலைக் கேக்கணும்னு தோணுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, நான் பேசுறேன்" என்றேன். அவர் தூக்குவாளியை என் மேசையில் வைத்தார். என் தலையில் ஒரு தட்டு, வலிக்காமல். "வேண்டாம் தாயி. உனக்கு எதுக்குச் சிரமம்? அவுகளே பேசிக்கிடுவாக."

அதற்குப் பிறகு யாருக்காகவும் நான் பேசுவதில்லை, மத்தியானம் இரண்டரைக்கு எந்த ஃபேனையும் அண்ணாந்து பார்ப்பதில்லை, 'வாங்கினவரே பேச வேண்டும்' என்கிற விதியை மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் வாசித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்தில் அவர்கள் எப்படியாவது லைனுக்கு வந்துவிடுகிறார்கள்.